பின்லாந்து நிலத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்ததாம்! உக்ரைனும் கொடுக்கணுமாம்!

நொய்யல்காரன்:
நேற்று தாராபுரத்தார் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "1940-ல் பின்லாந்து ரஷ்யாவுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தது, உக்ரைனும் கொடுத்துவிட்டுப் போகட்டும்" என்கிறார். உக்ரைனில் ஐந்தில் ஒரு பங்கு நாடு போயிருக்கிறது, அது என்ன கிணத்து மேட்டில் கிடக்கும் அரை சென்ட்டா? சரி, பின்லாந்துக்கே வருவோம். நிம்மதியாக இருந்ததென்றால் 1941 ஜூனில் ரஷ்யாவோடு மறுபடி சண்டைக்குப் போனது யாருங்க?

தாராபுரத்தார்:
பேர் சொல்லியே திட்டியதற்கு நன்றி. பின்லாந்து வீபுரி நகரத்தைக் கொடுத்தது, கரேலியா என்ற பகுதியைக் கொடுத்தது. நாலு லட்சம் பேருக்கு மேல் மூட்டை கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். வந்தவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்து உட்கார வைத்தார்கள். நாடு பிழைத்தது. நான் சொன்னது அவ்வளவுதான்.

நொய்யல்காரன்:
1941?

ஓடாநிலையான்:
தீரன் சின்னமலை பிறந்த சீமையில் இருந்துகொண்டு விட்டுக்கொடு என்று எழுதக் கை வருகிறதா? வெள்ளைக்காரன் 1805-ல் சங்ககிரியில் தூக்கில் போட்டானே தவிர, பணிய வைத்தானா?

தாராபுரத்தார்:
தூக்கில் போட்டான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் 142 வருஷம் அவன்தான் ஆண்டான்.

ஓடாநிலையான்:
இதைச் சின்னமலை நினைவு நாளான ஆடிப்பெருக்கன்று அரச்சலூர்ப் பக்கம் வந்து சொல்லுங்க பார்க்கலாம்.

கவுந்தப்பாடி அக்கா:
என் நாத்தனார் மகள் உக்ரைனில் கார்கிவ் நகரத்தில் மருத்துவம் படித்தவள். குண்டு விழுந்தபோது மெட்ரோ ஸ்டேஷன் தரையில் படுத்திருந்தாள். 2022 மார்ச் 2-ம் தேதி, நடந்தாவது வெளியேறுங்கள் என்று நம் தூதரகம் சொல்ல, பனியில் பக்கத்து ஊரான பிசோச்சின் வரைக்கும் நடந்தாள். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட், அதையும் நாலு பேர் பங்கு போட்டார்கள். அவள் விடுதி வார்டனுக்குச் சொந்த ஊர் இஸியும். ஐந்தாறு மாசம் ரஷ்யாக்காரன் கையில் இருந்தது. அந்தச் செப்டம்பரில் உக்ரைன் மீட்டபோது பைன் காட்டுக்குள் நானூறுக்கு மேல் புதைகுழிகள். நிலம் என்றால் வெறும் மண் இல்லைங்க, அதன் மேல் ஆட்கள் இருக்கிறார்கள்.

தாராபுரத்தார்:
அக்கா, வருத்தமாக இருக்கிறது. ஆனால் நொய்யலார் 1941, 1941 என்று கத்துகிறாரே, 1944-ஐ ஏன் முழுங்குகிறார்? ஜெர்மனிக்காரனோடு சேர்ந்து போய் மீட்டார்கள். 1944-ல் அதையும் விட்டு, வடக்கே பெட்சாமோ என்ற பகுதியையும் கூடச் சேர்த்து விட்டார்கள். ரஷ்யாவுக்கு 30 கோடி டாலர் தெண்டம், கட்டி முடிக்க 1952 ஆனது. வீபுரி இன்றைக்கும் ரஷ்யாவில்தான் இருக்கிறது. உங்கள் 1941 எனக்குத்தான் சாட்சி.

நொய்யல்காரன்:
நான் கேட்டது தோற்றார்களா ஜெயித்தார்களா என்று இல்லை. "நிம்மதியாக இருந்தது" என்று எழுதினீர்கள். மார்ச் 1940, ஜூன் 1941. விரல் விட்டு எண்ணுங்கள், பதினைந்தே மாசம். இதுதான் நிம்மதியா?
எங்கள் காட்டில் பங்காளி பொழியில், அதாவது எல்லை வரப்பில், இருந்த கல்லை ரெண்டடி தள்ளி நட்டான். "ரெண்டடிதானே, போகுது போ" என்றார் அப்பாரு. அடுத்த மழைக்கு ஏர் பூட்டும்போது கல் இன்னும் ஒரு முழம் உள்ளே வந்திருந்தது. சுற்றிலும் மண் பொதபொதவென்று புதுசு, கல்லில் அடித்த சுண்ணாம்பில் பாதி மண்ணுக்குள் போயிருந்தது. உக்ரைன் கதையும் அதேதான். 1994-ல் இருந்த அணுகுண்டையெல்லாம் கொடுக்க ஒத்துக்கொண்டு, எல்லையை மதிப்போம் என்று ரஷ்யாவிடமே கையெழுத்து வாங்கினார்கள். 2014-ல் கிரிமியா பகுதி ரஷ்யா கைக்குப் போனது. 2022-ல் தலைநகர் கீவ் வாசலுக்கே வந்துவிட்டான்.

தாராபுரத்தார்:
எங்கள் பெரியப்பாவும் ரோசக்காரர்தான், பொழிக்குக் கேஸ் போட்டார். 22 வருஷம் நடந்தது. கல் அங்கேயேதான் இருக்கிறது. தென்னந்தோப்பு வக்கீலுக்குப் போனது.

திருப்பூர் செக்கிங்:
அதெல்லாம் இருக்கட்டும். அந்த வருஷம் சண்டை தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியதே, அதைப் பற்றி யாராவது பேசுங்கப்பா.

நொய்யல்காரன்:
எண்ணெய்க்குத் தனி இழை போடுங்க தம்பி. தாராபுரத்தாரே, இன்னும் பதில் வரவில்லை. போன தையில் மஞ்சளை விற்காதீர்கள், இன்னும் ஏறும் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனீர்களே, அந்த மாதிரி ஆகிவிடக் கூடாது.

தாராபுரத்தார்:
மஞ்சளை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? உங்களை மூட்டையைப் பூட்டி வையுங்கள் என்று நானா சாவி கொடுத்தேன்? நிம்மதி என்று நான் சொன்னது பிற்காலத்தை. 1944-க்கு அப்புறம்.

நொய்யல்காரன்:
ஓஹோ, இப்போது பிற்காலமா! நேற்று எழுதியதில் 1940 என்றுதான் இருக்கிறது, அழித்துவிடாதீர்கள், படம் எடுத்து வைத்திருக்கிறேன். பிற்காலத்தில் அவ்வளவு நிம்மதி என்றால் 2023 ஏப்ரலில் எதற்கு நேட்டோ ராணுவக் கூட்டணியில் போய்ச் சேர்ந்தார்கள்?

ஓடாநிலையான்:
முதலில் சின்னமலையைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கட்டும்.

கவுந்தப்பாடி அக்கா:
நான் எழுதியதை யாராவது முழுசாகப் படித்தீர்களா?

நொய்யல்காரன்:
படித்தேன் அக்கா. தாராபுரத்தாரே, பச்சை விளக்கு எரிகிறது, உள்ளேதான் இருக்கிறீர்கள். 1941?