டார்ஜிலிங்கின் இசட் பாதையை அப்பாவுக்குக் காட்ட வேண்டும்: ஜாய் ரைட் போதுமா?

ஆரையம்பதி மகள்:

அப்பா எழுபதைக் கடந்துவிட்டார். வாழைச்சேனையில் பிறந்து வளர்ந்தவர். சிறுவயதில் மட்டக்களப்புக்குக் கரிக்கோச்சியில் போய்வந்த கதையைத் தொடங்கினால் எங்கள் சாப்பாடு ஆறிப்போகும். எஞ்சின் எங்கே நின்று தண்ணீர் பிடித்தது, ஏறாவூரை நெருங்கும்போது எப்படிக் கூவியது என்பதுவரை சொல்வார். இப்போது அவருக்கு இருக்கும் ஒரே ஆசை டார்ஜிலிங். மலைச்சரிவில் திரும்ப இடமில்லாமல் ரயில் நின்று, பின்பக்கமாக மேலே ஏறி, மறுபடி முன்னோக்கிப் போகுமாமே, அந்த இசட் பாதையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறார். நீராவி எஞ்சினும் வேண்டும்.

கொழும்பில் ஒரு பயண முகவரிடம் விசாரித்தேன். “டார்ஜிலிங்கில் இரண்டு மணி நேர ஜாய் ரைட் எடுங்கள், எல்லாம் அதற்குள் வந்துவிடும்” என்றார். உண்மைதானா? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, நாள் முழுக்க உட்கார்ந்திருக்க முடியாது. எந்த மாதம் போவது நல்லது? போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

புணானைக்காரன்:

தங்கச்சி, அந்தப் பேச்சை நம்பிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். ஜாய் ரைட் டார்ஜிலிங்குக்கும் கூமுக்கும் இடையில் மட்டும் போய்வருவது. அந்தத் துண்டில் ஓர் இசட்கூட இல்லை. அங்கே இருப்பது 1919இல் அமைத்த பட்டாசியா வளையம். ஒரு பூந்தோட்டத்தையும் கூர்க்கா வீரர்களின் நினைவுச் சின்னத்தையும் சுற்றிவந்து, ரயில் தன் பாதையையே தான் கடந்து போகும். வானம் தெளிந்திருந்தால் கஞ்சன்ஜங்கா முழுதாகத் தெரியும். அழகான இடம்தான். ஆனால் ரயில் அங்கே ஓர் அடிகூடப் பின்னால் போவதில்லை. அப்பா கேட்டது கிடைக்காது.

இசட் பாதைகள் ஆறு. எல்லாம் கீழே, சுக்னாவைத் தாண்டிக் காடு தொடங்குவதற்கும் குர்சியோங்குக்கும் இடையில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் நியூ ஜல்பைகுரியிலிருந்து டார்ஜிலிங் போகும் நாளாந்த ரயிலில் ஏற வேண்டும். அதை இழுப்பது டீசல் எஞ்சின். நீராவி மேலே, இசட் கீழே என்பதுதான் அங்குள்ள நிலைமை. சாதாரண டிக்கெட்டில் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது. இதை முன்கூட்டியே சொல்லாமல் வயதானவர்களை அவ்வளவு தூரம் அனுப்புகிறவர்கள்மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

ஆகவே இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முழுப் பாதை 88 கிலோமீற்றர். காலையில் புறப்பட்டால் மாலையில்தான் டார்ஜிலிங். அப்பாவின் முழங்காலுக்கு அது ஆகாது. குர்சியோங்கில் இறங்கிவிடுங்கள், ஆறு இசட்டும் அதற்குள் முடிந்துவிடும். மிச்சத் தூரத்துக்கு ஜீப் கிடைக்கும். ஓர் இரவு ஓய்வெடுத்துவிட்டு மறுநாள் டார்ஜிலிங்கில் ஜாய் ரைட் போங்கள். அதிலும் டீசல் ஜாய் ரைட், நீராவி ஜாய் ரைட் என்று இரண்டு வகை உண்டு. டிக்கெட்டில் நீராவி என்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் பணம் கட்ட வேண்டும்.

இசட் எப்படி என்றால், ரயில் ஏறிக்கொண்டே போய், முன்னால் தண்டவாளம் முடிந்துபோகும் ஒரு முட்டுப் பாதையில் நிற்கும். ஒருவர் இறங்கி நெம்புகோலைத் தள்ளிப் பாதையை மாற்றுவார். எஞ்சினைக் கழற்றுவதில்லை. அது அதே இடத்தில் இருந்துகொண்டு பெட்டிகளைப் பின்னுக்குத் தள்ளும், கடைசிப் பெட்டி முன்னால் ஏறும். மேலே இன்னொரு முட்டு வரும். அங்கே மறுபடி பாதை மாறி, ரயில் பழையபடி எஞ்சின் முன்னே போக ஏறும். இப்போது எட்டிப் பார்த்தால், சற்று முன் நீங்கள் வந்த தண்டவாளம் காலடியில் கிடக்கும். 1881இல் டார்ஜிலிங்கை எட்டிய இந்தப் பாதை நீண்ட சுரங்கம் தோண்டாமல், பெரிய பாலம் கட்டாமல் மலையேறும் வழி இதுதான். தண்டவாள அகலம் 610 மில்லிமீற்றர். நம்முடைய மட்டக்களப்புப் பாதை 1676. அதனால்தான் அந்தச் சின்ன ரயிலால் அவ்வளவு இறுக்கமான வளைவுகளில் திரும்ப முடிகிறது.

ஜாய் ரைட்டில் அப்பாவை எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் இருத்துங்கள். ஏறுமுன் கொஞ்ச நேரம் எஞ்சின் பக்கத்தில் நிற்க விடுங்கள். ‘பி’ வகை எஞ்சின்கள் 1889 முதல் பெரும்பாலும் பிரித்தானியாவில் செய்யப்பட்டவை. தனிக் கரிப்பெட்டி பின்னால் கிடையாது, கரியும் தண்ணீரும் எஞ்சின் மேலேயே இருக்கின்றன. கரி மேட்டில் ஒருவர் குந்தியிருந்து பெரிய கட்டிகளைச் சுத்தியலால் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். முன்விளிம்பில் இருவர் இருந்து, சக்கரம் வழுக்கும் இடங்களில் கைப்பிடி மணலை எடுத்துத் தண்டவாளத்தில் தூவுவார்கள். ஈரமான நாளில் அந்த மணல் விழுந்ததும் சக்கரம் பிடித்து எஞ்சின் முனகுவதை நான் கேட்டிருக்கிறேன். உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு அந்தச் சத்தம் மட்டும் போதும்.

மாதம் என்றால் ஒக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும். நமக்கு மாரி தொடங்கும் வேளையில் அங்கே வானம் வெளிக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை நினைக்கவே வேண்டாம். மண்சரிவு வந்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள்.

அம்பாறை வீதி:

அக்கா, அவ்வளவு தூரம் ஏன்? மேட்டுப்பாளையம் போங்கள். கோயம்புத்தூருக்குப் பக்கம், அப்பா எல்லோரோடும் தமிழிலேயே கதைக்கலாம். குன்னூர்வரை நீராவி எஞ்சின்தான். அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள மலைப்பாதை.

புணானைக்காரன்:

தம்பி சொல்வது நல்ல பயணம், நானும் போயிருக்கிறேன். 12 அடி போனால் ஓர் அடி ஏறும் சரிவு. கல்லாறிலிருந்து தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் ஓடுகிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது, எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. அந்தப் பல்சட்டம் இருப்பதால் அங்கே இசட் தேவைப்படவில்லை. சரிவை நேரே ஏறுவது வேறு வித்தை. அப்பாவுக்குக் கரிக்கோச்சி மட்டும் போதுமென்றால் ஊட்டிக்கே போகலாம். மனதில் இசட்தான் இருக்கிறது என்றால் அங்கே போய் ஏமாறுவார்.

அக்கரைப்பற்றான்:

நீராவியும் இசட்டும் ஒரே பயணத்தில் கிடைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. என் நானா சிட்னியில் இருக்கிறார், அவர்தான் கூட்டிப்போனார். அவுஸ்திரேலியாவின் நீல மலைகளுக்கு அப்பால், லித்கோவுக்குப் பக்கத்தில் கிளாரன்ஸ் என்ற நிலையம். அங்கே ஓடும் ரயிலின் பெயரே ஸிக்ஸாக்தான். 1869இல் திறந்த அரசாங்கப் பாதை அது. ஜோன் விற்றன் என்ற பொறியியலாளர் மணற்கல் பாலங்கள் போட்டு அமைத்தது. பிறகு பத்துச் சுரங்கங்களோடு புதுப்பாதை வந்ததும் 1910இல் கைவிட்டார்கள். 1975இல் தொண்டர்கள் திரும்ப ஓடவிட்டார்கள். 2012இல் நின்றது. 2013இலும் 2019இலும் காட்டுத்தீ வந்து பெட்டிகளையும் பாதையையும் எரித்தது. அதற்குப் பிறகும் விடாமல் திருத்தி 2023 மே மாதம் மறுபடி திறந்தார்கள். சம்பளம் இல்லாமல் அதைச் செய்தவர்களை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது. சிட்னியில் உறவு இருந்தால் வாப்பாவைக் கூட்டிப்போங்கள். ஓடும் நாட்கள் குறைவு, முன்பதிவு செய்யாமல் போகக் கூடாது.

ஆரையம்பதி மகள்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சிட்னியில் எங்களுக்கு யாரும் இல்லை. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மணல் தூவுகிற இடத்தில் நிறுத்தி, திரும்பப் படிக்கச் சொன்னார். ஊட்டி வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். குர்சியோங்குவரை கீழ்ப்பாதை, பிறகு நீராவி ஜாய் ரைட் என்று முடிவெடுத்திருக்கிறோம். நவம்பர் நடுப்பகுதியில் போகலாம் என்று நினைக்கிறோம். இன்னும் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

புணானைக்காரன்:

நல்ல முடிவு. விமானத்தில் பாக்டோக்ரா இறங்கி அன்றிரவு சிலிகுரியில் தங்குங்கள். வந்த அன்றே ரயில் வேண்டாம். கீழே இலேசான உடுப்புப் போதும். கூம் 2258 மீற்றர், நம்முடைய பட்டிப்பொல ரயில் நிலையத்தைவிட உயரம், அப்பாவுக்குக் கம்பளிக் காலுறையும் தொப்பியும் கட்டாயம். நீராவி ரயிலில் யன்னலால் தலையை நீட்டினால் கரித்தூள் கண்ணில் விழும், மூக்குக்கண்ணாடியைக் கழற்ற விடாதீர்கள். ஏறுமுன் கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லுங்கள்.

கீழ்ப்பாதையில் தண்டவாளம் வீதியோடு ஒட்டியே ஓடி, அதை அடிக்கடி குறுக்கே வெட்டும். கடை வாசலில் தொங்கும் சாமானைக் கையால் தொடலாம் போல இருக்கும். மன்னம்பிட்டிப் பழைய பாலத்தில் பஸ்ஸும் கோச்சியும் ஒரே பாதையில் மாறிமாறிப் போன காலம் அப்பாவுக்கு நினைவிருக்கும், அவரிடம் கேட்டுப் பாருங்கள். ரயிலை நியூ ஜல்பைகுரியில் பிடிக்காமல் சிலிகுரி சந்தியில் பிடியுங்கள். இடையில் ஊருக்குள் ஊர்ந்துபோகும் நேரம் மிச்சமாகும், இசட் ஒன்றும் தவறாது. பதிவு செய்யும்போது ஏறும் நிலையத்தை மட்டும் சரியாகப் போட்டுவிடுங்கள்.