குட்டைக் கசட்டில் துத்தநாகம் 3,100: எடுக்க வழி உண்டா?

குட்டைக்கரை, சுங்கை சிப்புட்
வணக்கம். எங்கள் தாமான் (குடியிருப்பு) பின்னால் உள்ள கழிவுநீர்க் குட்டையைத் தூர்வாரப் போகிறார்கள். கசட்டைக் காயவைத்துச் செம்பனைக்குப் போடலாமா என்று பேச்சு. லேப் ரிப்போர்ட், உலர் எடையில் கிலோவுக்கு மில்லிகிராம்: துத்தநாகம் 3,100, செம்பு 420, ஈயம் 95, காட்மியம் 3. வெற்றுக்குலையோடு (பழம் எடுத்த பிறகு மிஞ்சும் செம்பனைக் குலை) மக்கவைத்தால் துத்தநாகம் குறையும் என்கிறார்கள். உண்மையா?

பிஎச்_7
குறையாது அண்ணே. குலையைக் கலந்த அன்று நீர்த்த மாதிரி தெரியும். மக்க மக்கக் கரிமப்பொருள் காற்றோடு போய்விடும், உலோகம் அப்படியே நிற்கும், கிலோக்கணக்கு மறுபடி ஏறும். சுண்ணாம்பு போட்டாலும் உலோகம் கட்டுப்படுமே தவிர வெளியேறாது.

வெளியேற்ற அமிலம் வேண்டும். ஆனால் கந்தக அமிலத்தை நேராக ஊற்றிவிடாதீர்கள். குட்டை அடியில் காற்றில்லாமல் கிடந்த கசட்டில் சல்ஃபைடு நிறைய இருக்கும்; அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், மூடிய இடமென்றால் ஆளையே சாய்த்துவிடும். கந்தகம் தின்னும் பாக்டீரியாவைக் கொண்டு மெல்ல மெல்லப் புளிக்கவைப்பதுதான் சரி. நம் ஊர்ச் சூடு அதற்குத் தோதானது.

சோதனைக்கு 200 லிட்டர் பிளாஸ்டிக் தோங் (பீப்பாய்) போதும். திடப்பொருள் 2 சதவீதம் ஆகும்படி கரைத்து 160 லிட்டர் நிரப்புங்கள். கந்தகத் தூள் லிட்டருக்கு 3 கிராம், ஆக 480 கிராம். உலர்ந்த தூள் மேலேயே மிதக்கும். முதலில் கொஞ்சம் கசட்டோடு பிசைந்து பிறகு கலக்குங்கள். இரவு பகல் காற்று ஊதும் புளோவர் ஓடவேண்டும். பிஎச் 2 வரை இறங்க முதல் தடவை இரண்டு மூன்று வாரம் ஆகலாம். முடிந்ததில் 16 லிட்டரை அடுத்த தோங்குக்கு உறையாக வைத்தால் 7 முதல் 10 நாளில் முடியும்.

பிஎச் 4 பக்கத்தில் நின்றுவிட்டால் கசடு கெட்டியா என்று பாருங்கள். 4 சதவீதத்தைத் தாண்டினால் கசடே அமிலத்தை விழுங்கிவிடும். இல்லையென்றால் காற்று போதவில்லை.

துத்தநாகம் சுலபமாகக் கரையும், செம்பு தாமதம். ஈயம் சல்ஃபேட்டாகி அடியிலேயே தங்கும், உங்களுக்கு அது குறைவுதான்.

மண்டோர்_மகன்
சரிங்க, அந்தப் புளித்த தண்ணீர் எங்கே போகும்? கால்வாயிலா?

பிஎச்_7
கூடவே கூடாது. உங்கள் தோங்கில் உலர் கசடு 3.2 கிலோ, துத்தநாகம் ஏறக்குறைய 10 கிராம். அதில் 80 சதவீதம் கரைந்தால் தண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம். மணல் படுகையில் வடித்து, வடிநீருக்குச் சுண்ணாம்புக் கரைசல் விட்டு பிஎச் 9 முதல் 9.5 வரை ஏற்றி, ஒரு இரவு படியவிடுங்கள். 11ஐத் தாண்டினால் துத்தநாகம் திரும்பக் கரையும். அடியில் படிவது மலேசியாவின் 2005 அட்டவணைக் கழிவு (அபாயக் கழிவு) விதிப்படி எஸ்டபிள்யூ 204, அதாவது உலோகம் கலந்த கசடு வகை. 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ தேக்கிவைக்கக் கூடாது. பாஸ்பரஸும் கொஞ்சம் அதோடு போய்விடும், அந்த அளவு உரச்சத்து நட்டம்தான்.

வடித்த கசட்டை ஒருமுறை கழுவி, சுண்ணாம்பு போட்டு பிஎச் 6.5க்குக் கொண்டுவாருங்கள். தின்னாமல் மிஞ்சிய கந்தகம் நிலத்தில் மறுபடி அமிலமாகும். அதனால் 3 வாரம் கழித்து இன்னொரு தடவை அளக்கவேண்டும். ‘கூடப் போட்டால் வேகமாகும்’ என்று லிட்டருக்கு 6 கிராம் கந்தகம் போடுவதில் வரும் வினை இதுதான்.

வடிகால்_வாசி
தோங் வாங்குவதற்கு முன் இன்னொன்று. துத்தநாகம் மட்டும் இவ்வளவு ஏறி, ஈயமும் காட்மியமும் குறைவாக இருப்பதைப் பார்த்தால் வெறும் வீட்டுக் கழிவு மாதிரி தெரியவில்லை. ரப்பர் பால் ஆலைத் தண்ணீர் குட்டைக்கு வரும் குழாயில் சேர்கிறதா? பால் கெடாமலிருக்கத் துத்தநாக ஆக்சைடை டிஎம்டிடி (TMTD) என்ற வேதிப்பொருளோடு சேர்ப்பது வழக்கம். துத்தநாகம் பூசிய தகரக் கூரை மழைநீரும் ஓரளவு கொண்டுவரும். குட்டையின் நுழைவாய், நடு, கடைசி மூன்றிலும் தனித்தனி மாதிரி எடுங்கள். நுழைவாயில் மட்டும் உச்சம் என்றால் அந்தப் பகுதிக் கசட்டை ஒதுக்கினாலே பாதி வேலை முடியும். மேன்ஹோல் மேன்ஹோலாக மேலே போய் எங்கிருந்து வருகிறது என்றும் பிடிக்கலாம்.

3,100 என்பதும் விளிம்புதான். நிலத்தில் போடும் கசட்டுக்கு 1986 ஐரோப்பிய விதி 2,500 முதல் 4,000 வரை விடுகிறது, அமெரிக்காவின் 1993 விதியில் நல்ல தரத்துக்கு 2,800. ஹெக்டருக்கு உலர் கசடு 10 டன் போட்டால் 31 கிலோ துத்தநாகம் இறங்கும். ஐரோப்பியக் கணக்கில் வரம்பு, பத்தாண்டுச் சராசரியாக ஹெக்டருக்கு ஆண்டுக்கு 30 கிலோ. செம்பனைக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை 5 டன் என்றால் தாங்கும். காய்கறிப் பாத்தி பக்கம் வேண்டாம்.

குட்டைக்கரை
நன்றி. பால் ஆலைக் குழாய் மூன்றாவது மேன்ஹோலில்தான் சேர்கிறது. அதற்கு மேலும் கீழும் மாதிரி எடுத்துவிட்டு எண்களைப் போடுகிறேன்.