அந்தரகாந்தாரத்தைச் சரியான சுருதியில் நிறுத்த உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். கோத்தகிரியில் வசிக்கும் நான், பழைய மடிக்கணினியில் ஓர் எளிய சீக்குவென்சரை (சுரங்களை வரிசைப்படுத்தி ஒலிக்கச் செய்யும் மென்பொருளை) கொண்டு வெவ்வேறு சுருதி அமைப்புகளைப் பழகி வருகிறேன். பன்னிரு சம சுர அமைப்பில் அந்தரகாந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட்டில் (ஒரு சென்ட் என்பது சம அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) நிற்கிறது. 5:4 விகிதப்படி அது 386 சென்ட்டில் நிற்க வேண்டும். 130.8 ஹெர்ட்ஸ் ஷட்ஜத்தில் தம்பூராவை ஒலிக்கவிட்டு, அதன் மேல் 400 சென்ட்டில் நிற்கும் காந்தாரத்தை வைத்தால், நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை ஒலி அலைவது மழை ஓய்ந்த இரவுகளில் நன்றாகவே காதில் விழுகிறது.

சுருதியைச் சற்றே ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் வசதியின் வீச்சை இரண்டு அரைச்சுரமாக வைத்து, மதிப்பை நடுநிலையான 8192இலிருந்து 7631க்கு இறக்கியதும் அலைவு அடங்கிவிட்டது. ஆனால் அம்மாற்றம் அந்தச் சேனலில் (சுரங்களை அனுப்பும் தடத்தில்) உள்ள எல்லாச் சுரங்களையும் பாதிப்பதால், உடன் ஒலிக்கும் பஞ்சமமும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. தமிழிசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் வலியுறுத்திய சம அளவான 24 சுருதிகளை, 50 சென்ட் ஏற்றிய இரண்டாவது சேனலைக் கொண்டே சமாளித்துவிடலாம் (இது எனக்கே பிந்தித்தான் உறைத்தது). விகிதப்படியான 22 சுருதிகளோ பெரும்பாலும் வெவ்வேறு அளவில் விலகுவதால், அவற்றுக்கு மிடியின் (இசைக்கருவிகளும் கணினியும் சுரத் தகவலைப் பரிமாறும் முறையின்) 16 சேனல்கள் போதவில்லை.

சுருதி அமைப்புகளைக் குறித்துவைக்கும் ஸ்காலா கோப்புகளை நேரடியாகப் படிக்கும், 2 ஜிபி நினைவகத்தில் இயங்கக்கூடிய இலவச சிந்தசைசர் எதையேனும் பயன்படுத்தியவர்கள், அதை அமைத்த முறையையும் சேர்த்துத் தெரிவிக்க வேண்டுகிறேன்.