கெர்ரி கவுண்டி போகிறவர்களுக்கு: சாலை, படகு, மலை, அலை

ட்ரலீ ஊரிலிருந்து ஒருவர்

அயர்லாந்தின் தென்மேற்கு மூலைக்கு வருகிற எல்லோரும் முதலில் கேட்பது, ரிங் ஆஃப் கெர்ரி என்ற வளையச் சாலையை ஒரே நாளில் சுற்றிவிடலாமா என்றுதான். சுற்றலாம். மொத்தம் 179 கிலோமீட்டர். ஆனால் எங்கும் நிற்காமல் ஓட்டினாலே மூன்றரை மணி நேரம் பிடிக்கும். நாலைந்து இடத்தில் இறங்கினால் பகல் முழுக்கப் போய்விடும்.

சுற்றுலாப் பேருந்துகள் காலை பத்து மணிவாக்கில் கில்லார்னியிலிருந்து கிளம்பி இடஞ்சுழியாக, கில்லோர்க்லின், கேர்சிவீன், வாட்டர்வில், ஸ்னீம் என்று போகும். நீங்களும் அதே திசையில் போங்கள், ஆனால் எட்டு மணிக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள். பத்தரைக்குக் கிளம்பினால் வழிநெடுகப் பேருந்தின் முதுகைத்தான் பார்க்க வேண்டும். இதற்குப் பயந்து எதிர்த்திசையில் போனால், வாட்டர்வில்லுக்கும் கேர்டேனியலுக்கும் நடுவே கூமகிஸ்டா வளைவுகளில் அதே பேருந்துகள் எதிரே வரும். அந்தத் திசையில் கடல் ஓரம் உங்களுடையது. ஒதுங்க வேண்டியதும் நீங்கள்தான்.

இங்கேயும் நம் ஊர் மாதிரி இடப்பக்கம்தான் ஓட்டுவது என்பதால் துணிச்சல் வந்துவிடுகிறது. சாலையோரப் பசுமையை வெறும் செடி என்று நம்பி உரசாதீர்கள், பல இடங்களில் அதற்குள்ளே கற்சுவர் இருக்கும். இடப்பக்கக் கண்ணாடி உடைவதும் டயரின் பக்கவாட்டு கிழிவதும் இப்படித்தான். வாடகை வண்டியின் அடிப்படைக் காப்பீட்டில் இந்த இரண்டும் பெரும்பாலும் வராது. கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள். கிராமத்துச் சிறு சாலைகளில் வேக வரம்பு 2025 பிப்ரவரியில் 80-லிருந்து 60 கிலோமீட்டராகக் குறைந்திருக்கிறது.

ஸ்கெல்லிக் பற்றி

ஸ்கெல்லிக் மைக்கேல் என்ற பாறைத் தீவுக்கு இரண்டு வகைப் படகுகள் உண்டு. ஒன்று தீவில் இறக்கிவிடும், மற்றது சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். முன்பதிவு செய்யும்போது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும் அனுமதி நாளொன்றுக்கு 180 பேருக்குத்தான்: 15 படகுகள், படகுக்கு 12 பேர். பொதுவாக மே நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஓடும். கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்.

படகு கிளம்பும் போர்ட்மகீ துறையில் வெயில் பளிச்சென்று அடிக்கும், இலை அசையாது, ஆனால் படகு ரத்து என்பார்கள். நம்ப முடியாமல் வாதாடுகிறவர்கள் உண்டு. அட்லாண்டிக்கில் எங்கோ தொலைவில் அடித்த புயல் கிளப்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து சேரும். குமரிக் கரையில் கள்ளக்கடல் என்கிறோமே, அதே சங்கதி. தீவில் மிதவைத் துறை கிடையாது. பாறையோரக் கல்படியை ஒட்டிப் படகு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே வருகிற நொடியில் படகுக்காரர் சொன்னதும் காலை எடுத்து வைக்க வேண்டும். அலை பெரிதானால் அந்த நொடி கிடைக்காது, அதனால்தான் ரத்து. பணம் திரும்ப வந்துவிடும், ஆனால் மறுநாள் படகில் இடம் இருக்காது. அந்தப் பக்கம் மூன்று நாள் தங்குவதாக இருந்தால் முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள். அது தவறினால், மீதி இரண்டு நாளும் காலையில் துறையில் நின்று, வராதவர் இடம் இருக்கிறதா என்று கேட்கலாம்.

தீவில் 618 கல்படிகள். கைப்பிடி கிடையாது, படிக்குப் படி உயரம் மாறும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, முழுப் பாதமும் படியில் பதிய இறங்குங்கள். கழிப்பறை, குடிநீர், மழைக்கு ஒதுங்க இடம் எதுவுமே அங்கே இல்லை. குமட்டல் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. பஃபின் பறவைகளுக்காகப் போகிறவர்கள் ஜூலைக்குள் போய்விட வேண்டும், ஆகஸ்ட் தொடக்கத்தில் அவை கடலுக்குத் திரும்பிவிடும்.

மலையேறுகிறவர்களுக்கு

கராண்டூஹில் மலையின் உயரம் 1,038 மீட்டர். அயர்லாந்திலேயே உயரமானது. கொடைக்கானல் ஊரின் பாதி உயரம்கூட இல்லையே என்று சாதாரண ஷூவோடு வந்துவிடுகிறார்கள். ஆனால் ஏறத் தொடங்கும் இடமான க்ரோனின்ஸ் யார்டிலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டரைச் சொந்தக் காலில் ஏற வேண்டும். போய்வர ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

வழியில் வரும் டெவில்ஸ் லேடர் என்பது பெயருக்குத்தான் ஏணி. உண்மையில் அது தண்ணீர் வழிகிற, கல் பிடிப்பு விட்டுப்போன ஒரு செங்குத்துச் சரிவு. முன்னால் போகிறவருக்கு நேர் கீழே ஏறாதீர்கள், கொஞ்சம் ஓரமாகத் தள்ளி ஏறுங்கள். கல் உருண்டால் கீழே இருப்பவருக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். இறங்குவதற்கு அந்த வழியே வேண்டாம், ஸிக் ஸாக்ஸ் பாதை சுற்று என்றாலும் காலுக்கு நல்லது. உச்சியில் மேகம் கவிந்தால் பத்தடி தள்ளி இருப்பது தெரியாது, வடபக்கம் செங்குத்துப் பாறை. காகித வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்கட்டும். ஆபத்து என்றால் 112 அல்லது 999 அழைத்து மலை மீட்புக் குழு வேண்டும் என்று கேளுங்கள்.

டிங்கிள் பக்கத்திலிருந்து இன்னொருவர்

ட்ரலீக்காரர் சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு. கையில் ஒரே நாள்தான் என்றால் ரிங்கை விட்டுவிட்டு டிங்கிளுக்கு வாருங்கள். இங்கே தீபகற்பத்தின் முனையைச் சுற்றும் ஸ்லே ஹெட் சாலையைக் கட்டாயம் வலஞ்சுழியாக ஓட்டுங்கள். ஐரிஷ் பேசும் பகுதி என்பதால் ஊர்ப்பலகைகள் ஐரிஷில் மட்டும் இருக்கும், டிங்கிளைத் தேடினால் 'அன் டாங்கன்' அல்லது 'டாங்கன் ஈ கூஷ்' என்றிருக்கும். ஊர்ப்பெயர்களை இரண்டு மொழியிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டன்குவின் துறைக்கு இறங்கும் வளைவுப் பாதையில் வண்டியை இறக்காதீர்கள், கீழே திருப்ப வழியில்லை. எதிரே தெரியும் கிரேட் பிளாஸ்கட் தீவின் கடைசிக் குடும்பங்கள் 1953-ல் கரையேறின.

காலரஸ் என்ற பழைய கல் ஆலயத்தில் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சாந்தே இல்லாத வெறும் கல் அடுக்கு. ஒவ்வொரு கல்லும் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருப்பதால் மழைநீர் உள்ளே இறங்காமல் வெளியே வழிந்துவிடும்.

இன்ச் கடற்கரையில் மணல்மேலேயே வண்டி நிறுத்தலாம். ஏற்ற அலையின் நேரம் பார்க்காமல் நடக்கப் போனால், திரும்பும்போது சக்கரம் நனைந்த மணலில் புதைந்திருக்கும். கானர் பாஸ் மலைக்கணவாய் வழியில் பெரிய வேன்களுக்கும் கேரவன்களுக்கும் தடை, அவர்கள் ஆனஸ்கால் வழியே போக வேண்டும்.

கில்லார்னியிலிருந்து ஒரு சேர்க்கை

கேப் ஆஃப் டன்லோ என்ற மலைக்கணவாய்க்குக் காரைக் கொண்டுபோகாதீர்கள். கேட் கியர்னிஸ் காட்டேஜில் இறங்கி, லார்ட் பிராண்டன்ஸ் காட்டேஜ் வரை சுமார் 11 கிலோமீட்டர் நடந்து, அங்கிருந்து மூன்று ஏரிகள் வழியாகப் படகில் ராஸ் கோட்டைக்கு வந்துவிடலாம். படகுகள் பிற்பகலில்தான் கிளம்பும், முன்பதிவு கட்டாயம். காலை பத்துக்குள் நடக்கத் தொடங்காதவர்கள் அதைத் தவறவிட்டு, வந்த 11 கிலோமீட்டரையும் திரும்ப நடக்கிறார்கள்.