வெளி டிஏசி வாங்கியும் கிர்ர் சத்தம் போகவில்லை, அவசரம்

நள்ளிரவுக் கேட்பான்:
டெஸ்க்டாப்பில் பாட்டு கேட்டால் பின்னால் கிர்ர் என்று ஒரு சத்தம். மதர்போர்டு ஜாக் அப்படித்தான், வெளியே ஒரு டிஏசி (எண்ணாக வரும் பாட்டை ஒலிச் சிக்னலாக மாற்றும் பெட்டி) வை, சரியாகிவிடும் என்றார்கள். வாங்கி யுஎஸ்பியில் மாட்டினேன். பாட்டு முன்பைவிடத் தெளிவு. ஆனால் அந்தச் சத்தம் அப்படியே இருக்கிறது, சொல்லப்போனால் கூடியிருக்கிறது. டிரைவரும் மாற்றிப் பார்த்தாயிற்று. டிஏசி பழுதா? திருப்பிக் கொடுக்கும் கெடு முடியப்போகிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

அலைவரிசை:
ஹெட்போனா, ஸ்பீக்கரா? ஸ்பீக்கர் என்றால் ஆம்ப் உள்ளேயே இருக்கிறதா, தனியா? சத்தம் ஒரே சீராக வருகிறதா, மாறுகிறதா? இதெல்லாம் தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது.

செப்புக்கம்பி:
முதலில் யுஎஸ்பி கேபிளை மாற்றுங்கள். பெட்டியோடு வருவது ஒப்புக்குக் கொடுப்பது. நல்ல கவசம் போட்ட கேபிள் போட்டதும் எனக்குப் பாடகர் முன்னால் வந்து நின்றார்.

பழைய பெருக்கி (மூத்த உறுப்பினர்):
மாதம் தவறாமல் இதே கேள்வி. மேலே ஒட்டி வைத்திருக்கும் இழையைப் படிக்க ஆளில்லை. மட்டமான பவர் சப்ளை போட்ட பெட்டியில் எந்த டிஏசியை மாட்டினாலும் கதி இதுதான். அதை மாற்றிவிட்டு வாருங்கள். கேபிள் புராணம் வேண்டாம்.

தாழ்சுருதி:
டிரைவரை விடுங்கள், விண்டோஸ் 10-இல் 2017-இல் வந்த 1703 பதிப்பிலிருந்தே யுஎஸ்பி ஆடியோ 2.0 டிரைவர் உள்ளே இருக்கிறது. சவுண்டு செட்டிங்கில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 1,92,000 மாதிரிகள்) வைத்திருக்கிறீர்களா? 44.1-இல் இருந்தால் அங்கேயே தரம் போய்விடும்.

அலைவரிசை:
44.1 வைத்தால் 22 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவாகும். நம் காது 20-ஐத் தாண்டாது, வயதானால் அதுவும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் உண்மை: விண்டோஸ் மிக்சர் எல்லாச் சத்தத்தையும் அங்கே வைத்திருக்கும் ஒரே ரேட்டுக்கு மாற்றித்தான் அனுப்பும். அது பிடிக்காவிட்டால் பிளேயரில் வசாபி எக்ஸ்க்ளூசிவ் (மிக்சரைத் தாண்டி நேரே டிஏசிக்கு அனுப்பும் முறை) போட்டுக்கொள்ளலாம். கிர்ருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தாழ்சுருதி:
அப்படியென்றால் 192 எதற்கு விற்கிறார்கள்? எனக்கு வித்தியாசம் கேட்கிறது ஐயா.

பழைய பெருக்கி (மூத்த உறுப்பினர்):
எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கச் சொன்னால் கேட்காது. 16 பிட்டே மிகச் சன்னமான சத்தத்துக்கும் மிகப் பலமானதற்கும் நடுவே 96 டெசிபெல் இடைவெளி தருகிறது. உங்கள் அறையின் மின்விசிறிச் சத்தம் அதில் பாதியைத் தின்றுவிடும்.

தாழ்சுருதி:
என் அறையில் மின்விசிறி இல்லை.

நள்ளிரவுக் கேட்பான்:
ஸ்பீக்கர்தான், ஆம்ப் உள்ளேயே இருப்பது. மவுஸை நகர்த்தினால் சத்தம் மாறுகிறது, கேம் திறந்தால் பலமாகிறது. பாட்டு ஓடாவிட்டாலும் வருகிறது.

அலைவரிசை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே நண்பரே! டிஏசியில் ஹெட்போன் ஜாக் இருந்தால், ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். அப்புறம் ஸ்பீக்கரை மறுபடி மாட்டி, கம்ப்யூட்டரிலிருந்து யுஎஸ்பியை மட்டும் பிடுங்கிப் பாருங்கள்.

நள்ளிரவுக் கேட்பான்:
ஹெட்போனில் சுத்தமாக இல்லை. யுஎஸ்பியைப் பிடுங்கினால் ஸ்பீக்கரும் அமைதி.

அலைவரிசை:
சரி, டிஏசி நன்றாகத்தான் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க வேண்டாம். இது கிரவுண்டு லூப். கம்ப்யூட்டருக்கு எர்த் உண்டு, ஸ்பீக்கருக்கும் உண்டு. யுஎஸ்பியின் கிரவுண்டு, டிஏசி, அதிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஆர்சிஏ வயரின் வெளிச்சுற்று வழியாக இரண்டும் இன்னொரு முறை இணைந்து ஒரு வளையமாகிவிட்டன. கிராபிக்ஸ் கார்டு கரண்ட் இழுக்கும்போதெல்லாம் அந்த ஏற்ற இறக்கம் வளையத்தில் ஓடுகிறது. ஆர்சிஏவில் அதே வெளிச்சுற்றுதான் சிக்னல் திரும்பும் வழியும், அதனால் ஸ்பீக்கர் அதையும் பெருக்கிவிடுகிறது. சும்மா உம்ம் என்ற 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் இப்படி வரும். எப்போதும் ஒரே மாதிரி ஸ் என்று வந்தால் அது ஸ்பீக்கர் ஆம்பின் சொந்தச் சத்தம், அதை விட்டுவிடலாம்.

முதலில் இரண்டு ப்ளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள், செலவில்லாதது. போகாவிட்டால் ஆப்டிகல். மதர்போர்டின் பின்னால் சதுரமாக, உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும் ஓட்டை இருந்தால் அதுதான். ஒளி மட்டும் போகும், செம்பே கிடையாது, வளையம் அறுந்துவிடும். எண்ணாகவே வெளியே வருவதால் மதர்போர்டின் சவுண்டு தரம் இதில் குறுக்கிடாது. 96 கிலோஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள், 192-ஐ எல்லாக் கருவியும் ஆப்டிகலில் எடுக்காது.

தாழ்சுருதி:
பார்த்தீர்களா, 192 போய்விட்டது.

குறுக்கே வந்தவன்:
இவ்வளவு எதற்கு? ஸ்பீக்கர் ப்ளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

பழைய பெருக்கி (மூத்த உறுப்பினர்):
வெட்டாதீர்கள். உள்ளே லைன் வயர் கழன்று உலோகப் பெட்டியில் பட்டால் ஃபியூஸைப் போக்கி ஆளைக் காப்பாற்றுவது அந்தப் பின்தான். இந்த ஆலோசனையை நீக்கச் சொல்லி மட்டுறுத்துநருக்கு அனுப்பிவிட்டேன்.

நள்ளிரவுக் கேட்பான்:
ஒரே பாக்ஸில் போட்டதில் கொஞ்சம் குறைந்தது. ஆப்டிகல் கேபிளும் போட்டுவிட்டேன். பாட்டு வருகிறது, சத்தமும் வருகிறது!

அலைவரிசை:
யுஎஸ்பி வயர் இன்னும் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதா?

நள்ளிரவுக் கேட்பான்:
ஆமாம், டிஏசிக்குக் கரண்ட் அதிலிருந்துதானே?

அலைவரிசை:
கரண்ட்டோடு கிரவுண்டும் அதிலேயே வருகிறது. அந்த வயரைப் போன் சார்ஜரில் மாட்டுங்கள்.

நள்ளிரவுக் கேட்பான்:
போயே போச்சு. நன்றி.

செப்புக்கம்பி:
ஆக, யுஎஸ்பி கேபிள்தான் பிரச்சினை. நான் இரண்டாவது பதிலிலேயே சொன்னேன்.

பழைய பெருக்கி (மூத்த உறுப்பினர்):
கடவுளே.

புதுக்காது:
எனக்கும் இதே சத்தம், ஆனால் என் டிஏசியில் ஆப்டிகல் இல்லை, யுஎஸ்பி மட்டும்தான். என்ன செய்யலாம்?

அலைவரிசை:
யுஎஸ்பி ஐசொலேட்டர் (கம்ப்யூட்டர் கிரவுண்டை டிஏசியிலிருந்து பிரித்துவிடும் கருவி) கிடைக்கிறது, டிஏசிக்கு முன்னால் மாட்ட வேண்டும். வாங்கும்முன் வேகத்தைப் பாருங்கள். ஏடியூஎம்4160 சிப் போட்டவை நொடிக்கு 12 மெகாபிட்டுக்கு மேல் போகாது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்குச் சுமார் 4.6 மெகாபிட் போதும், ஆனால் டிஏசி பழைய, வேகம் குறைந்த யுஎஸ்பி ஆடியோ 1.0 முறையிலும் பேச வேண்டும். அதைவிட வேகமான ஹைஸ்பீடு மட்டுமே பேசும் டிஏசி அதன் வழியாக வேலை செய்யாது. அப்படிப்பட்டது என்றால் டிஏசிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஆர்சிஏ ஐசொலேட்டர் போடுங்கள். உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். மலிவானதில் பேஸ் கொஞ்சம் அடிவாங்கும்.