ஏர்பிரஷ் அடைத்துக்கொண்டே இருக்கிறது, அவசரம்

அட்டைக்கப்பல்:
நானே செய்த கப்பல் மாடல். விலை குறைந்த கிராஃப்ட் அக்ரிலிக் பெயின்ட்டை ஏர்பிரஷில் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் கருவி) ஊற்றி அடித்தால் இரண்டு நிமிடம் ஒழுங்காக வருகிறது. அப்புறம் துப்புகிறது, கடைசியில் நின்றே போகிறது. நாளைக்குள் முடிக்க வேண்டும். என்ன செய்யலாம்?

நீலத்துளி:
நாசில், அதாவது பெயின்ட் வெளியே வரும் முனைத் துளை, எத்தனை மி.மீ.? காற்றழுத்தம் எவ்வளவு? பெயின்ட்டில் என்ன கலந்தீர்கள்?

பழையதூரிகை:
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? கிராஃப்ட் பெயின்ட் தூரிகைக்காகச் செய்தது, நிறமித் துகள் பெரிது. ஏர்பிரஷ் பெயின்ட் வாங்கப் பழகுங்கள்.

அட்டைக்கப்பல்:
நாசில் 0.2. அழுத்தம் 15 பி.எஸ்.ஐ. தண்ணீர் கொஞ்சம்.

நீலத்துளி:
0.2 மெல்லிய மைக்குச் சரி, இதற்குப் போதாது. 0.5 இருந்தால் நாசிலுக்குள் இருக்கும் ஊசியையும் சேர்த்து மாற்றுங்கள். பெயின்ட் பால் பதத்துக்கு வர வேண்டும். கிண்ணத்தின் உள்பக்கம் தடவினால் சீராக வழிந்து மெல்லிய படலம் நிற்க வேண்டும். பழைய நைலான் காலுறையில் வடிகட்டிய பிறகே ஊற்றுங்கள். அழுத்தம் 25 வரை போகலாம். ஊசி முனையில் காய்வதை ஈரத் தூரிகையால் அடிக்கடி துடையுங்கள்.

மரத்தூள்:
தண்ணீர் வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்தால் சட்டென்று காயும்.

நீலத்துளி:
சில கிராஃப்ட் பெயின்ட் ஆல்கஹால் பட்டதும் திரிந்து கட்டியாகிவிடும். தவிர, முனையில் சீக்கிரம் காய்வதுதானே அவருடைய தொல்லை?

மரத்தூள்:
நான் எப்போதும் அதைத்தான் ஊற்றுகிறேன். ஒருமுறைகூடத் திரிந்ததில்லை.

பழையதூரிகை:
உங்கள் பெயின்ட் திரியவில்லை என்றால் எல்லாப் பெயின்ட்டும் திரியாது என்றாகிவிடுமா? ஒரு மூடியில் நான்கு சொட்டு கலந்து பார்த்துவிட்டுப் பேசலாம்.

மரத்தூள்:
ஏர்பிரஷ் பெயின்ட்டைத் தவிர வேறெதையும் தொடாதவர் சொல்கிறார்.

கண்ணாடிக்குடுவை:
சண்டை இருக்கட்டும். மாடல் எதில் செய்தது? அட்டை என்றால் ஈரம் இறங்காமல் தடுக்கும் சீலர் பூசினீர்களா? பூசாமல் நீர்த்த பெயின்ட் அடித்தால் ஈரம் குடித்து நெளியும். தண்ணீர் மட்டும் அதிகமானால் பிடிப்பும் குறையும், பாதியாவது ஏர்பிரஷ் மீடியம் (பெயின்ட்டை நீர்க்க வைக்கும் நிறமற்ற அக்ரிலிக் திரவம்) கலப்பது நல்லது. அடிக்கும்போது முகமூடி போடுங்கள், தண்ணீர் பெயின்ட் என்றாலும்.

அட்டைக்கப்பல்:
அட்டைதான். சீலர் பூசவில்லை. பெட்டியிலேயே 0.5 இருந்தது, மாற்றி வடிகட்டி அடித்தேன், இப்போது அடைக்கவில்லை. மேல்தளம் மட்டும் லேசாக நெளிந்திருக்கிறது, கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். நன்றி.

மரத்தூள்:
ஆல்கஹால் கலந்திருந்தால் நெளிந்திருக்காது.