கோடைப் பயணத்திற்கு முன் கேம்பர் வேனில் பழுது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மே மாதம் குழந்தைகளுடனும் வயதான தாயாருடனும் கோவையிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறை செல்லத் திட்டமிட்டு, உள்ளேயே தங்கும் வசதியுள்ள எங்கள் கேம்பர் வேனைச் சரிபார்த்தபோது, எதிர்பாராத இரண்டு பழுதுகள் தெரியவந்தன.

முதலாவது, ஃபிரிட்ஜுக்கும் மின்விசிறிக்கும் மின்சாரம் தரும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. இரவு முழுவதும் சார்ஜ் செய்து, சற்று நேரம் விட்டு அளந்தால் 12.7 வோல்ட் காட்டுகிறது. ஆனால் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கிய ஒரு மணி நேரத்திற்குள் 11.5-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. பேட்டரியை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் எலக்ட்ரீஷியன். ஒவ்வொரு செல்லையும் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் அவ்வளவு செலவில் இறங்க மனம் வரவில்லை. வயர் முனைகளில் பச்சை பூத்திருப்பதால், கோளாறு அங்கேதான் இருக்குமோ என்ற ஐயமும் உள்ளது.

இரண்டாவது, கூரை ஜன்னலைச் சுற்றி இடைவெளியை அடைக்கப் பூசிய சிலிக்கான் சீலன்ட் வெடித்து, மழைநீர் இறங்கி, பிளைவுட் உப்பியிருக்கிறது. விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுத்துவிட்டு பாலியூரித்தேன் சீலன்ட் பூசினால் போதுமா, பலகையையே மாற்ற வேண்டுமா?

ஆழியாறு - வால்பாறை சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஈரம் உறிஞ்சிய பிரேக் ஆயில் இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பிரேக் பிடிக்காது என்பதால் அதை மட்டும் உடனே மாற்றிவிட்டேன். கோவை, பொள்ளாச்சிப் பக்கம் இவ்வேலைகளில் அனுபவமுள்ள, நம்பகமான மெக்கானிக் இருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும்.